என் வீட்டுக்காரர் காணாமல்போன ஞாயிறு

போன வருஷம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரரைக் காணோம்.

எங்கள் ஆலயத்து வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு உண்டு. அங்கேதான் உட்கார வைத்தேன். "இந்த எடத்த விட்டு எந்திரிக்காதீங்க. இந்தா வாரேன்" என்று சொன்னேன். சரியென்று தலையை ஆட்டினார். உள்ளே பெண்கள் ஜெபக்குழுக் கூட்டம். அடுத்த உபவாச ஜெபத்தில் யார் பேசுவது என்று ஒரு வாக்குவாதம். அதை நான் என் இஷ்டப்படி முடித்துவிட்டு வெளியே வந்தால் பெஞ்சு காலி.

என் பெயர் ரஞ்சிதம். மதுரை அரசரடிப் பக்கம் இருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் டேனியல், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பாதி சர்வீஸ் தேனி ரூட்டிலேயே போயிற்று. மூன்று வருஷமாக அவருக்கு மறதி நோய். முதலில் சாவியை மறந்தார். பிறகு தெருவை மறந்தார். சில நாள் காலையில் எழுந்து, "டூட்டிக்கு நேரமாச்சு, பையைக் குடு" என்பார். இதோடு சுகரும் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், அப்படியே மயங்கி விழுந்துவிடுவார். இரண்டு தடவை விழுந்திருக்கிறார்.

அன்று காலை மாத்திரை போட்டு இரண்டு இட்லி சாப்பிட்டதோடு சரி. வெளியே நெருப்பு மாதிரி வெயில்.

சபையே சேர்ந்து தேடியது. வாலிபப் பிள்ளைகள் பைக்கை எடுத்துக்கொண்டு பைபாஸ் ரோடு, காளவாசல், ரயில்வே ஸ்டேஷன் என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நான் எங்கள் போதகரோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டார்கள். வெள்ளைச் சட்டை என்றேன். செல்போன் வைத்திருக்கிறாரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அவருக்கு அதைக் கையாளத் தெரியாமல் போனதால் நானே அணைத்து பீரோவுக்குள் வைத்துவிட்டேன். "தனியா விட்டுட்டு எங்கம்மா போனீங்க?" என்று அங்கிருந்த பெண் போலீஸ் ஒருவர் கேட்டார்.

மூன்று மணி இருக்கும். ஒரு தம்பி போன் பண்ணினான். "அக்கா, ஆரப்பாளையத்துப் பக்கம் ஆத்தங்கரையில ஒரு பெரியவர் விழுந்து கெடக்காராம். வெள்ளச் சட்டையாம். நீங்க பதறாம வாங்க."

பதறாமல் எப்படிப் போவது? ஆட்டோவில் போகிற வழியெல்லாம் என் வாயில் ஜெபம் வரவில்லை. "இயேசப்பா, இயேசப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் அவர் இல்லை. வேறு யாரோ ஒரு பெரியவர் மர நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். எங்கள் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்து எங்களை முறைத்தார். அவர் இல்லையே என்று சந்தோஷப்படுவதா, இன்னும் கிடைக்கவில்லையே என்று அழுவதா, தெரியவில்லை. அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க ஆலயத்துல போய் இருங்கம்மா. நாங்க தேடுறோம்" என்று போதகர் என்னைத் திருப்பி அனுப்பினார்.

இங்கே நான் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரே மகள், ஷீபா. உசிலம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே எலக்ட்ரிக் வேலைக்கு வந்த அருள் என்கிற பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஊர் எழுமலை. அப்பா இல்லை. அம்மா தையல் தைத்து வளர்த்த பிள்ளை. குடிக்க மாட்டான், ஜெபிக்கிற பையன், எங்களை மாதிரியே விசுவாசக் குடும்பம். அவள் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "அவங்க என்ன ஆளுங்க?"

அவள் சொன்னாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிறும் நான் கர்த்தருடைய பந்தியில் அப்பத்துக்குக் கை நீட்டினவள்தான். எல்லாரும் ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிறோம் என்று பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவள்தான். ஆனால் என் மகள் அந்த வீட்டுக்குப் போவதை என்னால் தாங்க முடியவில்லை. சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் என் கவலை. அதற்கு ஆண்டவருடைய சித்தம் என்று ஒரு பெயரும் வைத்துக்கொண்டேன். "இது தேவ சித்தம் இல்ல ஷீபா" என்று சொன்னேன். அவள் என்னையே பார்த்துவிட்டு, "இது ஒன் சித்தம்மா" என்றாள்.

எழுமலையில் அவர்கள் சபையில் கல்யாணம் நடந்தது. பத்திரிகை வந்தது. கிழித்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் போக வேண்டும் என்று துடித்தார். "போறதுன்னா போங்க. திரும்பி இந்த வாசலுக்கு வராதீங்க" என்றேன். அவர் போகவில்லை. அன்று முழுவதும் சாப்பிடவும் இல்லை. குழந்தை பிறந்தபோது ஷீபா போன் பண்ணினாள். குரலைக் கேட்டதும் துண்டித்து, அவள் நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன். பிறகு அருள் நம்பரில் இருந்து கூப்பிட்டாள், அதையும் பிளாக் பண்ணினேன்.

இப்படி நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் ஜெபக்குழுவுக்கு நான்தான் தலைவி. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், "ரஞ்சிதம் அக்காவக் கூப்பிடுங்க, அவங்க ஜெபம் பண்ணுனா கேக்கும்" என்பார்கள்.

அன்று நாலு மணிக்கு ஆலயத்துக்குள் யாரும் இல்லை. ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்து கிடந்தது. முன்னால் போய் முழங்கால் போட்டேன். வழக்கமாக நான் ஜெபிக்கிற வார்த்தைகள் எல்லாம் வந்தன. வல்லமையுள்ளவரே, அற்புதங்களைச் செய்கிறவரே என்று ஆரம்பித்தேன். என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது. நிறுத்திவிட்டேன்.

சும்மா கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை, தரிசனமும் காணவில்லை. ஒன்றே ஒன்றுதான் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. நாலு மணி நேரமாக வீட்டுக்காரரைக் காணாமல் இந்தப் பாடு படுகிறாயே, பெற்ற மகளை நாலு வருஷமாகக் காணவில்லையே, ஒரு நாளாவது தேடினாயா?

அந்த இடத்தில் நான் உடைந்துபோனேன். அதுவரை வராத அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதேன். "ஆண்டவரே, நான் பாவி. பெருமை பிடிச்சவ. உம்ம பேரச் சொல்லி எம்பிள்ளைய ஒதுக்குனேன். அவரக் கொண்டாந்து சேத்துருங்க. நீங்க அவரக் குடுத்தாலும் குடுக்காட்டியும் நான் எம்மககிட்டப் போறேன். அந்த வீட்டம்மா கால்ல வேணும்னாலும் விழுகுறேன்." இவ்வளவுதான் என் ஜெபம்.

அப்பா காணாமல் போனதை மகளுக்குச் சொல்ல வேண்டாமா? அவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா? எழுந்து உட்கார்ந்து போனை எடுத்தேன். பிளாக்கை எப்படி எடுப்பது என்று தெரியாமல் தடவித் தடவி எடுத்தேன். அவள் நம்பரை அழுத்தினேன். ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"ஷீபா" என்றேன்.

"அம்மா! போன எடுக்க மாட்டியாம்மா நீ? ஒன்ற மணியில இருந்து எத்தன தடவம்மா அடிக்கிறது? அப்பா இங்கதான் இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு. சாப்புட்டுட்டுத் தூங்குறாரு."

"எங்க?" என்றேன்.

"எழுமலையிலம்மா. எங்க வீட்டுல."

நான் போனைக் காதில் வைத்தபடியே தரையில் சாய்ந்தேன். பிரியமானவர்களே, பகல் ஒன்றரை மணிக்கே என் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. நான் ஜெபிப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. திரும்பத் திரும்ப என்னைக் கூப்பிட்டிருக்கிறது. நான்தான் வழியை அடைத்து வைத்திருந்தேன். என் நம்பர் கிடைக்காமல் எதிர்வீட்டுக்குப் பேசியிருக்கிறாள். அவர்கள் ஊரில் இல்லை. எங்கள் போதகர் புதிதாக வந்தவர், அவருடைய நம்பர் அவளிடம் இல்லை. "அதான் எங்க வீட்டுக்காரரே பைக்க எடுத்துக்கிட்டு மதுரைக்கு வந்திருக்காரும்மா. நம்ம வீட்டு வாசல்லதான் நிக்கிறாரு. பூட்டியிருக்குன்னு இப்பத்தான் சொன்னாரு" என்றாள்.

அவர் எழுமலைக்குப் போன கதையைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

பெஞ்சில் இருந்து எழுந்து காளவாசலுக்கு நடந்திருக்கிறார். உசிலம்பட்டி பஸ் வந்து நின்றிருக்கிறது. அந்தக் கண்டக்டருக்கு இவரைப் பழைய ஆள் என்று அடையாளம் தெரிந்திருக்கிறது. "வாங்கண்ணே" என்று முன்சீட்டில் உட்கார வைத்திருக்கிறார். இவருடைய மறதி அவருக்குத் தெரியாது. உசிலம்பட்டியில் இறங்கினவர், எழுமலை பஸ் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "எழுமல, எழுமல! ஏறு, ஏறு!" என்று சத்தம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். ஜனம் ஏறியது. கண்டக்டர் கடைசியில்தானே ஏறுவார்? இவர் எல்லாரையும் ஏற்றிவிட்டு நிற்கிறார், அந்த பஸ்ஸின் கண்டக்டர் விசில் கொடுத்து பஸ் போய்விடுகிறது. இப்படி இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கிற ஒரு பாய் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கை நடுங்குவதைக் கண்டதும் ஓடி வந்து கடைக்குள் உட்கார வைத்து, சீனி போட்டு டீயும் ஒரு பன்னும் கொடுத்திருக்கிறார். "யாரு வீட்டுக்குப் போகணும் ஐயா?" என்று கேட்டதற்கு, "மக வீட்டுக்கு. நாங்க வாரோம்னு சொல்லியிருக்கு" என்றாராம். ஊர் பெயர் தவிர வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. பாய் அவருடைய சட்டைப் பையைப் பார்த்திருக்கிறார். பஸ் பாஸ் வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த ஒரு கல்யாணப் பத்திரிகை. அதன் அடியில் அருளுடைய நம்பர். பாய் அதற்குப் போன் பண்ண, அருள் வந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

பத்திரிகை இன்னொன்று வந்ததோ, நான் கிழித்ததை அவர் எடுத்து ஒட்டி வைத்தாரோ என்று சந்தேகப்பட்டு பிறகு பிரித்துப் பார்த்தேன். ஒட்டினதுதான்.

சண்டையை அவர் மறந்துபோனார். நான் போட்ட கட்டளையை மறந்துபோனார். மகள் இருக்கிறாள், அவளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை.

அருள் ஆலயத்துக்கு வந்து சேர்ந்தார். சட்டை முழுக்க வேர்வை. நான் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "அத்தை, பைக்குல வர ஒங்களுக்குச் சிரமமா இருக்கும். வண்டிய இங்க போட்டுட்டு பஸ்ல போவமா?" என்று கேட்டார்.

"பைக்குலயே போவோம்ப்பா. சீக்கிரம் போயிரலாம்" என்றேன்.

போதகருக்கும் போலீஸுக்கும் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அறுபத்திரண்டு வயதில், முட்டுவலியோடு, எந்தப் பையனை என் வாசலில் ஏற்ற மாட்டேன் என்றேனோ அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். செக்கானூரணியில் நிறுத்தி நுங்கு வாங்கிக் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "எம்மேல கோவம் இல்லையா தம்பி?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு அத்தை. நெறைய இருந்துச்சு" என்றார். நுங்குக்குக் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "இன்னைக்கி டீக்கடையில என்னையப் பாத்ததும் மாமா, 'வா மாப்ள'ன்னாரு. யாருன்னு தெரிஞ்சு சொன்னாரோ, தெரியாமச் சொன்னாரோ. ஆனா ஒங்க வீட்டுல இருந்து ஒருத்தரு என்னைய அப்பிடிக் கூப்புட்டது அதான் மொதத் தடவ."

என்னால் நுங்கைச் சாப்பிட முடியவில்லை. அவர் வற்புறுத்திச் சாப்பிட வைத்தார்.

எழுமலைக்குப் போய்ச் சேரும்போது ஆறு மணி. சின்ன வீடு. முன் அறையில் தையல் மெஷின். அதற்குப் பக்கத்தில் நாற்காலியில் என் வீட்டுக்காரர் தலை சீவி, பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை. அதன் கையில் மெஷினில் இருந்து எடுத்த நூல்கண்டு. என்னைப் பார்த்ததும், "என்ன ரஞ்சிதம், இம்புட்டு லேட்டா வார? பிள்ள காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

உள்ளே இருந்து அருளின் அம்மா ராஜாத்தி வந்தார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். நான் அவர்கள் கையைப் பிடித்து, "என்னைய மன்னிச்சிருங்க மதினி" என்றேன். காலைத் தொடக் குனிந்தபோது தடுத்துவிட்டார்கள்.

"வருத்தம் இல்லன்னு சொன்னா பொய்யி மதினி" என்றார்கள். "கலியாணத்தன்னிக்கி மொத வரிசையில ரெண்டு நாற்காலி போட்டு, கடேசி வரைக்கும் ஒருத்தரையும் உக்கார விடல நானு. நீங்க வருவீகன்னு. அன்னைக்கி ரொம்ப அழுதேன். சரி, இப்பத்தான் வந்துட்டீகளே. மொத தண்ணியக் குடிங்க. வெயில்ல வந்திருக்கீக."

செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். என் வாழ்நாளில் எத்தனையோ தடவை கர்த்தருடைய பந்தியில் பங்கெடுத்திருக்கிறேன். அந்தத் தண்ணீரைக் குடித்தபோதுதான் எனக்குள் ஏதோ ஒன்று கழுவப்பட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஷீபா மட்டும் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். வரவில்லை. "அப்பாவுக்கு என்னென்ன மாத்திர, எத்தன மணிக்கின்னு எழுதிக் குடு" என்று மட்டும் சொன்னாள். அவள் மேல் தப்பில்லை. பிரசவத்தில் கிடந்தபோது அம்மா என்று கூப்பிட்டவளை நான் துண்டித்தேன். அது ஒரே நாளில் ஆறிவிடுமா? மூன்று நாலு மாதம் அவள் என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினாள். அதற்கும் நான் ஜெபித்தேன். ஆனால் அவளை அவசரப்படுத்தவில்லை. ஒரு நாள் அவள் வீட்டு அடுப்படியில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, அவளாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குழந்தை பிறந்த அன்று நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் வாயைத் திறக்காமல் கேட்டேன். சொல்லி முடித்துவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

எங்கள் ஜெபக்குழுவில் எல்லாவற்றையும் எழுந்து நின்று சொன்னேன். ஜாதி பார்த்துத்தான் செய்தேன் என்று அந்த வார்த்தையையே சொன்னேன். அப்போது சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். "அக்கா, இதெல்லாமா சபையில சொல்றது?" என்று ஒரு சகோதரி பிறகு கோபித்துக்கொண்டாள். என் சொந்தத் தங்கை இன்றைக்கும் என்னிடம் பேசுவதில்லை. அவளுக்காகவும் ஜெபிக்கிறேன். தலைவி பொறுப்பை விட்டுவிட்டேன். இப்போது பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் ஜெபிப்பதைக் கேட்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் வீட்டுக்காரருடைய மறதி குணமாகவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். இன்னும் கூடியிருக்கிறது. சில நாள் என்னையே யாரென்று கேட்கிறார். ஆனால் சந்தோஷமாக இருக்கிறார். போன வருஷக் கடைசியிலேயே அரசரடி வீட்டைப் பூட்டிவிட்டு எழுமலையில் அடுத்த தெருவுக்கே குடிவந்துவிட்டோம். காலையில் பேத்தி வந்து அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள். இரண்டு பேரும் அந்த வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் விளையாடுவார்கள். ராஜாத்தி மதினிதான் பாசஞ்சர். மெஷினை மிதித்துக்கொண்டே, "எனக்கு ஆண்டிபட்டிக்கு ஒரு டிக்கெட் குடுங்கண்ணே" என்பார்கள். உசிலம்பட்டிக்குப் போகும்போதெல்லாம் அந்த பாய் கடையில் போய் டீ குடிக்கிறோம். நன்றி சொல்லப் போனால், "அட, நானு என்னம்மா செஞ்சேன்? அல்லா அனுப்பி வச்சாரு" என்று சிரிக்கிறார். ஆண்டவர் யாரையெல்லாம் தம்முடைய கையாக எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

இதை வாசிக்கிற சகோதரி, சகோதரரே, உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று தொலைந்திருக்கலாம். பிள்ளையாக இருக்கலாம், கூடப்பிறந்தவராக இருக்கலாம், மன நிம்மதியாக இருக்கலாம். தைரியமாக ஆண்டவரிடம் கேளுங்கள். பெரிய பெரிய வார்த்தைகள் வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும், அவர் கேட்கிறார். எனக்குக் கேட்டாரே! பதில் மட்டும் நமக்குப் பிடித்த ஆட்களிடம் இருந்து, நமக்குப் பிடித்த திசையில் இருந்துதான் வர வேண்டும் என்று அவருக்கு நாம் வழி சொல்ல வேண்டாம். நம்பி விட்டுவிடுங்கள். அவர் நடத்துவார். அவருக்கே சகல துதியும்.

எந்த ஞாயிற்றுக்கிழமை எழுமலைப் பக்கம் வந்தாலும் எங்கள் சபைக்கு வாங்க. ஆராதனை முடிந்ததும் யாரும் பஸ் ஏறிவிடாதீர்கள். ராஜாத்தி மதினியும் நானும் அன்றைக்கு ஒரே அடுப்பில்தான் சமைக்கிறோம். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.